பல்கலைக்கழகம் அரசுடையது, பற்றாக்குறை யாருடையது?

காவிரிக்கரையான்:

அப்பா ஒரு மாநிலப் பல்கலைக்கழக அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். எந்தப் பல்கலை என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்லப்போவதில்லை. பக்கத்துத் தெருவில் மாமா இருக்கிறார். அவர் அரசுக் கலைக் கல்லூரி அலுவலகத்தில் அதே மாதிரி வேலை பார்த்தவர். மாதம் பிறந்தால் மாமாவுக்கு ஓய்வூதியம் வந்து விழுந்துவிடும். அப்பாவுக்கு எப்போது வரும் என்பது பல்கலையில் இருப்பவர்களுக்கே தெரியாது. போன வருடம் ஒருமுறை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வந்தது. பணிக்கொடையில் பாதி இன்னும் வரவில்லை.

"ரெண்டு பேரும் கவர்மெண்டு வேலைதானே பாத்தீங்க?" என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

நானாகத் தேடிப் பார்த்ததில் கிடைத்தது இவ்வளவுதான்: 2025-26 தமிழ்நாடு வரவுசெலவுத் திட்டத்தில் உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி, பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி. எட்டாயிரம் கோடி சின்னத் தொகை இல்லையே. அது எந்த வழியில் போகிறது? அப்பாவின் வாசலுக்கு மட்டும் ஏன் வருவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

---

பேரேடு:

தம்பி, நான் ஒரு பல்கலைக்கழக நிதிப் பிரிவில் இருந்தவன். எனக்கும் உங்கள் அப்பா கதைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கேட்டதற்கு நேரான பதில்: இல்லை. மாமா அரசு ஊழியர். அப்பா பல்கலைக்கழக ஊழியர். சம்பள விகிதம், விடுமுறை, அகவிலைப்படி எல்லாம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வித்தியாசமே தெரியாமல் முப்பது வருடம் ஓடிவிடும். ஓய்வு பெற்ற மறுமாதம்தான் தெரியும்.

அரசுக் கல்லூரி என்பது அரசின் ஓர் அலுவலகம் மாதிரி. சம்பளம், ஓய்வூதியம் இரண்டும் கருவூலம் வழியாக. கல்லூரியில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் முதல்வருக்குச் சம்பளம் நிற்காது. அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் நிர்வாகம் தனியார், ஆனால் அனுமதிக்கப்பட்ட உதவிபெறும் பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்துகிறவருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் கூலி. ஒரே ஓய்வறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, நடுவில் பெரிய பள்ளம்.

பல்கலைக்கழகம் இந்த இரண்டிலும் சேராது. அது தனக்கென ஒரு சட்டத்தால் உருவான தனி அமைப்பு. அரசு அதற்கு மானியம் தருகிறது. 'தருகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மானியம் போக மீதியைப் பல்கலையே தேடிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியமும் அந்த 'மீதி'யில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மானியக் கணக்கு எப்படி என்றால், முதலில் அரசு ஒப்புதல் பெற்ற பணியிடங்களை மட்டும் எடுப்பார்கள். பல்கலையை நிர்வகிக்கும் ஆட்சிக்குழு தன் தீர்மானத்தில் உருவாக்கிய இடங்களுக்கு நிதித்துறை தலையாட்டாது. அப்புறம் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை வரும். ஊராட்சிக் கணக்கைப் பார்க்கும் அதே துறைதான் பல்கலைக் கணக்கையும் பார்க்கிறது. 'இந்த நியமனத்துக்கு ஒப்புதல் இல்லை, இந்தப் பதவி உயர்வு விதிப்படி இல்லை, இந்த முன்பணம் நேர் செய்யப்படவில்லை' என்று தணிக்கைத் தடை எழுதுவார்கள். ஒவ்வொரு தடைக்கும் ஒரு தொகை. தடை நீங்கும்வரை அந்தத் தொகை மானியத்தில் கழியும். தடையை நீக்கத் தணிக்கைத் துறையும் பல்கலையும் சேர்ந்து உட்காரும் கூட்டு அமர்வு நடக்க வேண்டும். அது நடப்பதற்குள் கோப்பை எழுதியவர் ஓய்வு பெற்றுவிடுவார். நான் சேர்ந்த காலத்துத் தடை ஒன்று, நான் ஓய்வு பெறும்போதும் அதே பத்தி எண்ணில் இருந்தது.

---

தறிக்காரன்:

பேரேடு அய்யா சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒப்புதல் இல்லாத இடங்களை உருவாக்கியது யார்? அரசா? ஆட்சிக்குழுவில் உட்கார்ந்து மாமன் மச்சானையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, இப்போது 'அரசு காசு தரவில்லை' என்று அழுதால் எப்படி?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய இடம். தேவைக்கு மேல் ஆட்களை எடுத்து, சம்பளம் போட முடியாத நிலைக்கு வந்து, கடைசியில் 2013-இல் அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களை மாநிலம் முழுக்க அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். அந்தச் செலவு யார் தலையில்? நான் தறி ஓட்டுகிறேன். நூல் விலை ஏறினாலும் கரண்டு கட்டணம் ஏறினாலும் எனக்கு யாரும் மானியம் தந்து பற்றாக்குறையை அடைப்பதில்லை.

---

மணிக்கணக்கு:

தறிக்கு இலவச மின்சாரம் உண்டு என்று நினைவு. சரி, அதை விடுங்கள்.

நான் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். 'கௌரவ' என்ற சொல்லுக்கு அகராதியில் புதுப் பொருள் எழுத வேண்டும். மாதம் 25,000 ரூபாய், வருடத்தில் 11 மாதம். மே மாதம் எங்களுக்குப் பசிக்காது என்று அரசு முடிவு செய்திருக்கிறது. இதே பாடத்தை இதே வகுப்பில் நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று 2019-இல் யூஜிசி, அதாவது டில்லியில் இருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னது. நீதிமன்றம் வரை போனோம். இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். பேரேடு அய்யா 'அரசுக் கல்லூரி பத்திரமான இடம்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். பத்திரம்தான், உள்ளே இருப்பவர்களுக்கு. பல்கலைக்கழகத்தில் மானியத்தைக் குறைத்துச் செலவைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்றால், அரசுக் கல்லூரியில் ஆளை எடுக்காமலே கட்டுப்படுத்துகிறார்கள். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதன்பின் தேர்வு தள்ளிப்போனது, தள்ளிப்போனது, தள்ளிப்போனது. அதுவரை கடையைத் திறந்து வைத்திருப்பது எங்களைப் போன்றவர்கள்.

---

தறிக்காரன்:

இலவச மின்சாரம் ஓர் அளவு வரைக்கும்தான். அதற்கு மேல் ஓட்டினால் தெரியும் சேதி. ஆனாலும் சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

---

பேரேடு:

தறிக்காரன் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பாதி உண்மை. நியமனத்தில் நடந்த கூத்தெல்லாம் எனக்குத் தெரியும். சில கோப்புகளில் என் கையெழுத்தே இருக்கிறது, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் மீதிப் பாதி வேறு.

தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்து வருடங்களிலும் தொலைநிலைக் கல்வியில் பணம் கொட்டியது. மதுரை காமராசர், அண்ணாமலை, அழகப்பா என்று பல இடங்களில். வெளி மாநிலத்திலெல்லாம் படிப்பு மையம். விண்ணப்பம் மூட்டை மூட்டையாக வரும், காசோலைகளை வங்கியில் போடுவதற்கே தனியாக ஆள் வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் மானியக் கோரிக்கையோடு போனால் அரசு சொன்ன பதில்: "உங்களிடம்தான் பணம் இருக்கிறதே." மானியம் விலைவாசிக்கு ஏற்றபடி ஏறவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. கட்டடம் கட்டினோம், துறைகளைத் திறந்தோம், ஆளை எடுத்தோம்.

பிறகு மாநில எல்லைக்கு வெளியே மையம் கூடாது என்று 2013-இல் யூஜிசி கறாராகச் சொல்லிவிட்டது. 2020 விதிகளில், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 4-க்கு 3.01 இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வர வேண்டும் என்றார்கள். அந்த விதிகள் தேவை இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டத்தைக் கடைச்சரக்கு மாதிரி விற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் ஊற்று வற்றிய பிறகும் அதை நம்பி எடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது, ஓய்வு பெறுகிறார்கள். 'உங்களிடம் பணம் இருக்கிறதே' என்று சொன்ன நிதித்துறை, பணம் இல்லாமல் போனதும் பழைய அளவுக்கு மானியத்தை ஏற்றவில்லை.

இரண்டாவது வருமானம் தேர்வுக் கட்டணமும், பல்கலையின் கீழ் இணைந்த கல்லூரிகள் கட்டும் இணைவுக் கட்டணமும். அதிலும் ஓட்டை. சென்னைப் பல்கலையின் கீழ் இருந்த பகுதியில் 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. மதுரை காமராசரிலிருந்து 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பிரிந்தது. தெற்கத்திப் பிள்ளைகள் சான்றிதழுக்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை என்பது நல்லதுதான். ஆனால் கல்லூரிகள் பிரிந்து போனபோது அவற்றின் கட்டணமும் போனது. ஓய்வூதியக்காரர்கள் மட்டும் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். போதாததற்கு, நன்றாக நடக்கும் கல்லூரிகள் தன்னாட்சி வாங்கிக்கொண்டு தேர்வைத் தாங்களே நடத்துகின்றன. தமிழ்நாட்டில் அது 1978-இலேயே தொடங்கிய பழக்கம்.

---

புதுவெள்ளம்:

வணக்கம். நான் இளம் அறிவியல் வேதியியல் இரண்டாமாண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இங்கே எழுதலாமா தெரியவில்லை, எல்லோரும் பெரியவர்கள்.

எனக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் பேருந்து இல்லாத நேரம் ஷேர் ஆட்டோ, ரெக்கார்டு நோட்டு, செல்போன் ரீசார்ஜ் எல்லாம். அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை.

ஆனால் எங்கள் ஆய்வகத்தில் திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாய் ஒன்றுக்கு நான்கு பேர். வெள்ளி நைட்ரேட் விலை அதிகம் என்று அந்தச் சோதனையை மேடம் செய்து காட்டுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். புகை வெளியேற்றும் பெட்டி இருக்கிறது, அதற்குள் பழைய விடைத்தாள் கட்டு வைத்திருக்கிறார்கள்.

பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது கடைசியில் எல்லோரும் கட்டணத்தை ஏற்றலாம் என்றுதான் முடிப்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள்.

---

பேரேடு:

பாப்பா, தாராளமாக எழுதலாம். இங்கே பேசியவர்களில் மாணவி நீ ஒருத்திதான்.

கட்டணத்தை ஏற்றுவதும் லேசில்லை. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150-லிருந்து 225 ஆக்கியது. மாணவர்கள் கொதித்தார்கள், உயர்கல்வி அமைச்சர் தலையிட்டார், உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. மாணவர் பக்கம் நின்றது சரிதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கட்டணத்தை ஏற்றாதே என்று உத்தரவிடுகிறவர், அந்த இடைவெளியை நான் அடைக்கிறேன் என்று அதே தாளில் எழுதினால்தான் கணக்கு நேராகும். இது அண்ணா பல்கலைக்கு மட்டும் சொல்வதல்ல. எந்தப் பல்கலையிலும் கட்டளை வரும், தொகை வராது.

உங்கள் புதுமைப்பெண் பணம் வேறு கணக்கு. அது சமூகநலத் துறை வழியாக நேராக உங்கள் வங்கிக்கு வருவது. அதற்கும் பியூரெட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பெண் பிள்ளைகளின் சேர்க்கை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் படம் எடுக்கலாம், செய்தி வரும். பியூரெட் வாங்கினால் யார் படம் எடுப்பார்கள்?

---

பனிக்காட்டான்:

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு பொதுப் பல்கலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். 'அங்கே எல்லாம் சொர்க்கம்' என்று சொல்ல வரவில்லை. மாநில அரசு காசு தராமல் போவதில் இவர்கள் நமக்கு அண்ணன்.

இங்கே கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும், சட்டம் அப்படி. வரி வருமானம் விழுந்தால் எதையாவது வெட்ட வேண்டும். பள்ளியில் கை வைத்தால் பெற்றோர் தெருவுக்கு வருவார்கள், சிறையைப் பூட்ட முடியாது, மருத்துவ உதவியை நிறுத்த முடியாது. கண்ணில் படுவது பல்கலைக்கழகம். 'உனக்குத்தான் மாணவர் கட்டணம் இருக்கிறதே' என்பார்கள். பேரேடு அய்யாவுக்கு நிதித்துறை சொன்ன அதே வசனம். 2008 நெருக்கடிக்குப் பின் பல மாநிலங்கள் அப்படித்தான் வெட்டின. கட்டணம் ஏறியது, பிள்ளைகள் கடனாளி ஆனார்கள். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கிச் சமாளித்த கதையும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தக் கணக்கில்தான் வந்து சேர்ந்தார்கள்.

உச்சம் இல்லினாய் மாநிலம். ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் சண்டை. 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை முழு வரவுசெலவுத் திட்டமே நிறைவேறவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சில்லறையாகத்தான் பணம் வந்தது. சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் நிதி அவசரநிலை அறிவித்து, நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. முதல் தலைமுறைக் கறுப்பின மாணவர்கள் அதிகம் படித்த இடம் அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு கலவரத்திலும் ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு ஓய்வூதியம் நிற்கவில்லை. அங்கே மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1941-லிருந்து தனி ஓய்வூதிய அமைப்பு இருக்கிறது. ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த அமைப்புக்கு மாநிலம் சரியாகப் பணம் கட்டாமல் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது, அது தனிச் சோகம். ஆனால் பல்கலையின் இந்த மாதக் கையிருப்புக்கும், ஒரு கிழவரின் மருந்துச் செலவுக்கும் நேரடி முடிச்சு இல்லை.

---

காவிரிக்கரையான்:

பனிக்காட்டான் அண்ணா, கடைசிப் பத்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "1941-லயா?" என்று கேட்டார். அவர் பிறந்ததே அதற்குப் பின்னால்தான்.

பேரேடு அய்யா, ஒரு சந்தேகம். இங்கே அப்படி ஒரு நிதி இல்லவே இல்லையா? அப்பா காலத்தில் பிடித்தம் எதுவும் செய்யவில்லையா?

---

பேரேடு:

வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தார்கள், அது வேறு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியரிடம் பிடித்தம் கிடையாது. 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டம். உங்கள் அப்பா அதற்கு முந்தியவர். ஓய்வூதியத்துக்கென்று பல்கலை ஒரு தனி நிதி வைத்திருக்க வேண்டும். நல்ல காலத்தில் அதில் போட்டார்கள். கெட்ட காலத்தில் 'தற்காலிகமாக' எடுத்துச் சம்பளம் போட்டார்கள். நான் பார்த்த வரைக்கும் 'தற்காலிகம்' என்று எழுதி எடுத்த தொகை எதுவும் திரும்பி வந்ததில்லை.

எழுத மறந்தது ஒன்று. இந்தத் துறையிலேயே பெரிய கேலிக்கூத்து இதுதான். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமானவரித் துறை முடக்கியது. 424 கோடிக்கு மேல் வரிப் பாக்கி என்றார்கள். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு வருமானவரியா என்று கேட்காதீர்கள். அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் விதிப்படி, மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான் அது 'அரசு நிதியில் நடப்பது'. மானியம் அந்த அளவுக்கு இல்லை, ஆகவே வரி கட்டு என்றது வருமானவரித் துறை.

அதாவது, மாநில அரசு கொடுத்தது குறைவு. குறைவாகக் கொடுத்ததால் நீ அரசு நிறுவனமே இல்லை என்கிறது இன்னோர் அரசு. பட்டினி கிடப்பவனைப் பார்த்து, நீ எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை, அதனால் நீ எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, வாடகை கொடு என்பது மாதிரி.

---

ஆலமரத்தடி:

எல்லோரும் மாநில அரசையே சாத்துகிறீர்கள். டில்லியை விட்டுவிட்டீர்களே. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தத்தில் கல்வியை, டில்லியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டு போனார்கள். அதிகாரம் அங்கே போனது, செலவு இங்கேயே தங்கிவிட்டது. யூஜிசி சம்பள விகிதத்தை டில்லி அறிவிக்கும். ஏழாவது ஊதியக் குழுவில் கூடுதல் செலவில் பாதியை மட்டும், அதுவும் 2019 மார்ச் வரை மட்டும் தருவோம் என்றார்கள். அதற்குப் பின் முழுவதும் மாநிலம்.

2013-இல் மாநில உயர்கல்விக்கு டில்லி பணம் தரும் ரூசா திட்டம் வந்தது, பின்னர் அதில் டில்லிக்கும் மாநிலத்துக்கும் 60-க்கு 40 பங்கு என்று ஆனது. 2023-இல் அதற்குப் பிஎம்-உஷா என்று பெயர் மாற்றி, புதிய கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பந்தம் போட்டால்தான் பணம் என்றார்கள். தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் திட்டத்தின் மொத்தத் தொகை நாடு முழுவதற்கும், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 12,926 கோடி. நம் மாநிலத்தின் ஒரு வருட உயர்கல்வி ஒதுக்கீடு 8,494 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 விழுக்காடு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களின் கீழ்தான் படிக்கிறார்கள் என்று டில்லி அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கே 2025 பிப்ரவரியில் எழுதியது.

துணைவேந்தர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் யூஜிசி ஆள் வேண்டுமா வேண்டாமா என்று ஆளுநரும் அரசும் மோதியதில் இடம் காலியாகவே கிடந்தது. இதெல்லாம் ஒரு கட்சி ஆட்சியில் மட்டும் நடந்ததா என்றால்

---

நெறியாளர்:

ஆலமரத்தடி நண்பரின் பதிவில் கடைசி இரண்டு பத்திகளை நீக்கியிருக்கிறேன். கட்சிப் பெயர் சொல்லி அடித்துக்கொள்ள வேறு இழைகள் இருக்கின்றன. மற்ற தகவல்கள் அப்படியே இருக்கட்டும்.

---

மணிக்கணக்கு:

ஆலமரத்தடி சொன்னது சரி, ஆனால் அந்தச் சரியில் ஒரு வசதி இருக்கிறது. எங்கள் 25,000 ரூபாயை டில்லியா நிர்ணயித்தது? யூஜிசி சம்பள விகிதம் பாரம் என்று சொல்லும் அதே கையால்தான் யூஜிசி சொன்ன 50,000 உச்சவரம்பை வெறும் பரிந்துரை என்று ஒதுக்கினார்கள். பிடித்த விதி என்றால் விதி, பிடிக்காத விதி என்றால் பரிந்துரை. இதில் டில்லி, சென்னை வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

---

தறிக்காரன்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள், அதனால் கொஞ்சம் கவனமாகவே படித்தேன்.

முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். தப்பாக ஆளை எடுத்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. எடுக்கப்பட்டவரும், ஒழுங்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும்தான் மாட்டிக்கொண்டார்கள். தணிக்கைத் தடை எழுதிய தொகையைக் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்காமல் மானியத்தில் கழித்தால், அது யாருக்குத் தண்டனை? இந்தப் பெண்ணின் பியூரெட்டுக்குத்தானே.

மாற்றிக்கொள்ளாதது ஒன்று. அரசு ஓய்வூதியத்தை முழுசாக எடுத்துக்கொண்டால், அடுத்து வரும் ஆட்சிக்குழு மறுபடி கூடுதலாக ஆள் எடுக்கும். 'எப்படியும் கருவூலம் பார்த்துக்கொள்ளும்' என்று. அதற்கு என்ன வழி, பேரேடு அய்யா?

---

பேரேடு:

நல்ல கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

ஒரு தேதியைக் குறித்துவிட வேண்டும். அந்தத் தேதி வரை ஓய்வு பெற்றவர்கள், பணியில் இருப்பவர்கள் எல்லோருடைய ஓய்வூதியமும் கருவூலத்துக்குப் போகட்டும். அதற்குப் பின் அரசாணை எண் இல்லாத நியமனத்துக்குச் சம்பளப் பட்டியலே ஏறாதபடி மென்பொருளில் அடைத்துவிடலாம். அரசுத் துறைகளில் இப்போதே சம்பளப் பட்டியல் கணினி வழியாகத்தான் போகிறது. பல்கலையை மட்டும் ஏன் வெளியே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. புரியவில்லை என்பது மரியாதைக்குச் சொன்னது.

இதற்குப் பேராசிரியர் சங்கங்களிலேயே எதிர்ப்பு வரும். கருவூலத்துக்குள் போனால் தன்னாட்சி போய்விடும், அமைச்சர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும் என்பார்கள். தொலைபேசி இப்போதும் வருகிறது. பணம்தான் வருவதில்லை.

பழைய தடைகளுக்கு ஒரு சிறப்புக் கூட்டு அமர்வு, ஆறு மாதக் கெடு. இருபது வருடத்துக்கு முந்தையவற்றை மூட வேண்டியதுதான். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப்பேரின் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது.

---

புதுவெள்ளம்:

அய்யா, அப்படி ஓய்வூதியம் கருவூலத்துக்குப் போனால் பல்கலைக்கு மிஞ்சும் பணத்தில் பியூரெட் வாங்குவார்களா, இல்லை மறுபடியும் நுழைவாயில் வளைவு கட்டுவார்களா? எங்கள் பல்கலையில் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். கிரானைட்.

---

பேரேடு:

வளைவுதான் கட்டுவார்கள். அதைத் தடுக்க என்னிடம் யோசனை இல்லை, பாப்பா.

---

காவிரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். மூன்று கேள்வி. ஒன்று, கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசு விடுவித்த மானியம் எவ்வளவு, தணிக்கைத் தடைக்காகக் கழித்தது எவ்வளவு. இரண்டு, ஓய்வூதிய நிதியின் ஆண்டுவாரியான இருப்பு. மூன்று, ஓய்வூதியம் ஏன் குறித்த தேதியில் வழங்கப்படுவதில்லை.

அப்பா தானே கையெழுத்துப் போடுவேன் என்கிறார். பழைய அலுவலக நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் நேற்று வரை இருந்தது. இன்று காலையில் அவரே உறையை எடுத்து வைத்திருக்கிறார். அனுப்பலாமா?

---

பேரேடு:

மூன்றாவது கேள்வியை மாற்றுங்கள். 'ஏன்' என்று கேட்டால், விளக்கம் தருவது சட்டத்தின் கீழ் வராது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். நானே அப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன். 'கடந்த 24 மாதங்களில் ஓய்வூதியம் வங்கிக்கு அனுப்பப்பட்ட தேதிகளின் பட்டியலும், ஓய்வூதிய நிதியிலிருந்து வேறு கணக்குக்கு மாற்ற ஒப்புதல் தந்த குறிப்புக் கோப்புகளின் நகலும் தேவை' என்று கேளுங்கள்.

பெறுநர் பொதுத் தகவல் அலுவலர் என்று இருக்கட்டும், பதிவாளர் பெயரைப் போடாதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிலுக்கு முப்பது நாள். ஒப்புகை வந்ததும் இங்கே எழுதுங்கள், மேல்முறையீட்டு மாதிரியை நான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.